நுவார் என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிழலும் குற்றமும் சூழ்ந்த பழைய ஹாலிவுட் நுவார் படங்களின் சாயலில் இப்போது வரும் படங்களைப் பற்றித் தங்கள் சினிமா பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கறுப்பு வெள்ளை, மழை நனைத்த தெரு, தொப்பி, சிகரெட் புகை, ஜன்னல் பட்டைகளின் நிழல் இந்த ஐந்தும் சேர்ந்தால் நுவார் என்ற பொருளில் கட்டுரை முடிந்திருந்தது. ஒளிப்பதிவுத் தொழிலில் இருப்பவனுக்கு இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஐந்தையும் வைத்துக்கொண்டு உயிரில்லாமல் போன படங்கள் ஏராளம். ஐந்தில் பாதிகூட இல்லாமல் நுவாரின் நெஞ்சைத் தொட்ட படங்களும் உண்டு. எங்கே வித்தியாசம் வருகிறது என்பதை விளக்கையும் லென்ஸையும் கணக்கையும் வைத்துச் சொன்னால்தான் விளங்கும். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். அந்தப் படங்களை எடுத்தவர்கள் யாரும் 'ஃபிலிம் நுவார்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் பிரான்சுக்கு வராமல் நின்றுபோயிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-இல் பாரிசில் அடுத்தடுத்துத் திரைக்கு வந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் எழுதியதிலிருந்து பெயர் பரவியது. 1941-இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்', 1944-இல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி' இரண்டும் எடுத்தவர்களைப் பொறுத்தவரை குற்றக் கதைகள்தான். கைவசம் இருந்த விளக்கு, கைவசம் இருந்த நெகட்டிவ், தணிக்கை விதி, பட்ஜெட் எல்லாம் சேர்ந்து அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்தன. இன்று எடுப்பவர்களுக்குத் தோற்றம் முதலிலேயே கையில் கிடைத்துவிடுகிறது. அதைக் கொண்டுவந்த காரணங்களை யாரும் தேடிப் போவதில்லை.

இருட்டையே எடுத்துக்கொள்வோம். ஒளிப்பதிவாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: நெகட்டிவின் வேகம் (ஒளியுணர்திறன்) 100, நொடிக்கு 24 ஃபிரேம், லென்ஸ் திறப்பு எஃப் 2.8 (எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்றால், முகத்தில் 100 ஃபுட்கேண்டில் (வெளிச்ச அளவின் அலகு) விழ வேண்டும். 1940-களின் ஸ்டுடியோ நெகட்டிவ்கள் பெரும்பாலும் அந்த 100-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தவை. கும்மிருட்டு அறை என்று கதையில் எழுதியிருந்தாலும், முகத்தில் நூறு ஃபுட்கேண்டிலுக்கு மேல் கொட்டியாக வேண்டும். அவ்வளவு வெளிச்சத்தை வெட்டி, மறைத்து, தேவையில்லாத இடத்தில் விழாமல் தடுத்துத்தான் இருட்டை உண்டாக்கினார்கள். இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றின் அடிப்படை வேகம் 800. அதே எஃப் 2.8-க்குப் பன்னிரண்டரை ஃபுட்கேண்டில் போதும், ஒரு மேசை விளக்கே அதைத் தந்துவிடும். அதனால் விளக்கே வைக்காமல் எடுத்துவிட்டு, டி.ஐ. எனும் பிந்தைய டிஜிட்டல் நிறத்திருத்தத்தில் கறுப்பை அழுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிட்டது.

இது ஏன் தப்பாகப் போகிறது? விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் நிற்கும் நடிகர் இன்னொரு மீட்டர் தள்ளிப்போனால், தூரம் இரண்டு மடங்கு, வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. வெளிச்சம் பாதியாவதை ஒரு ஸ்டாப் என்போம், இரண்டு ஸ்டாப் ஒரே அடியில் போய்விட்டது. பெரிய விளக்கை ஆறு மீட்டர் தள்ளி வைத்திருந்தால், அதே ஒரு மீட்டர் நகர்வில் வெளிச்சம் 73 சதவீதமாக மட்டுமே குறையும், அரை ஸ்டாப்கூட முழுதாகப் போகாது. பழைய படங்களில் ஒருவர் நிழலிலிருந்து நடந்து வந்து வெளிச்சத்துக்குள் நுழையும்போது முகம் ஒரே சீராகத் துலங்குவதற்கு இந்தத் தூரம்தான் காரணம். புதிய படங்களில் அதே நடை மங்கி, மங்கலுக்குள் இன்னும் மங்குகிறது. அந்த மங்கலை டி.ஐ.யில் இழுத்துப் பிடித்தால் இரைச்சல் புள்ளிகள் கிளம்பும். கறுப்பு என்று நினைத்த இடத்தில் சாம்பல் நெளியும். இருண்ட காட்சியாக இருந்தாலும் முகத்துக்கு முறையான எக்ஸ்போஷர் கொடுத்து எடுப்பதும், நிழல் விழ வேண்டிய இடத்தில் கறுப்புத் துணியையோ பலகையையோ குறுக்கே வைப்பதும்தான் வழி.

இன்னொரு சங்கதியும் கவனத்துக்கு வருவதில்லை. அன்றைய செட் பெரும்பாலும் நான்காவது சுவர் இல்லாத, மேல்தளம் இல்லாத தட்டி வீடு. சுற்றிலும் ஸ்டுடியோவின் கருங்குகை. முகத்தைத் தாண்டிப் போன வெளிச்சம் திரும்பி வராது. இன்று உண்மையான அறையில் எடுக்கிறார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை. ஒற்றை விளக்கு வைத்தாலும் அது நாலு பக்கமும் மோதித் திரும்பி, நிழல் பக்கத்தை நிரப்பிவிடும். முதன்மை விளக்கான கீ லைட் விழும் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் எட்டுக்கு ஒன்று, அதாவது மூன்று ஸ்டாப் வித்தியாசம் வேண்டும் என்று தொடங்கியவர்களுக்கு ஒளிமானியில் மூன்றுக்கு ஒன்றுதான் வரும். முகத்தின் நிழல் பக்கத்தில், ஃபிரேமுக்கு வெளியே ஒரு மீட்டருக்குள் கறுப்புத் துணியை நிறுத்தினால் கணக்கு மறுபடியும் நேராகும். இருட்டுக்காக விளக்கைக் குறைப்பதைவிட இந்தத் துணி ஆயிரம் மடங்கு வேலை செய்யும்.

கட்டுரையாளர் பெரிதும் ரசித்த ஜன்னல் பட்டை நிழலுக்கு வருகிறேன். அதில்தான் போலி சட்டென்று பிடிபடும். 'டபுள் இண்டெம்னிட்டி'யில் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்த வீட்டு வரவேற்பறையில் விழவைத்த பட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓரம் இருக்கிறது. இன்றைய படங்களில் அதே பட்டைகள் குழைந்துபோய்ச் சுவரில் ஏதோ கறை படிந்ததுபோல் தெரியும். காரணம் விளக்கின் முகப்பு அளவு. நிழலின் ஓரம் எவ்வளவு குழையும் என்பதற்குக் கணக்கு சுலபம்: விளக்கின் அகலத்தை, பட்டையிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து பட்டைக்கு உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. அகல எல்.இ.டி. பேனலை ஜன்னலுக்கு வெளியே 3 மீட்டரில் வைத்து, உள்ளே சுவர் 1.5 மீட்டரில் இருந்தால், குழைவு 30 செ.மீ. பழைய மாதிரிப் பட்டைகளுக்கு இடையே இருப்பதோ சுமார் 5 செ.மீ. முப்பது செ.மீ. குழைவில் ஐந்து செ.மீ. கோடு எப்படி நிற்கும்? மொத்தமாகக் கரைந்துவிடும்.

இதற்கு ஒளியைக் குவிக்கும் 15 செ.மீ. லென்ஸ் உள்ள ஒரு ஃபிரெனல் விளக்கை எடுத்து, பட்டைத் தட்டிக்கு 5 மீட்டர் பின்னால் நிறுத்தி, தட்டியைச் சுவருக்கு அரை மீட்டரில் கொண்டுவந்தால் குழைவு ஒன்றரை செ.மீ. ஆகிவிடும். கோடுகளின் இடைவெளி ஐந்தரை செ.மீ.யாக விழும். கோடு நிற்கும். தட்டியை ஜன்னலிலேயே மாட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபிரேமுக்கு வெளியே ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பார்ப்பவருக்கு ஜன்னல்தான். இன்னும் கூர்மை வேண்டுமென்றால் ஃபிரெனலின் முன்கண்ணாடியைத் திறந்துவிட்டு வெறும் பல்பைப் பயன்படுத்துவார்கள். இழை இரண்டு மூன்று செ.மீ. தான் என்பதால் நிழல் கத்தி வெட்டியதுபோல் விழும். ஆனால் வெளிச்சம் எங்கும் சிதறும் என்பதால் பக்கங்களைக் கறுப்புத் தாளால் கட்ட வேண்டும். ஹாலோஜன் பல்பு வெடித்தால் தெறிக்காமலிருக்கக் கம்பிவலை கட்டாயம் முன்னால் இருக்க வேண்டும், ஆட்களை நேர் எதிரே நிறுத்தக்கூடாது. அன்றைய கார்பன் ஆர்க் விளக்குகளில் ஒளிரும் குழி விரல்நுனி அளவுதான், அதனாலேயே அவற்றின் நிழல் அவ்வளவு கறாராக விழுந்தது. இதோடு பட்டைகளின் சாய்வும் விளக்கின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். விளக்கு மேலே இருந்து, பட்டைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் வெளிச்சம் நூலிழையாகத்தான் உள்ளே வரும். ஒருவர் விளக்கருகே நிற்க, இன்னொருவர் பட்டைகளைக் கால் திருப்பு கால் திருப்பாகத் திருப்பிப் பார்த்துத்தான் இதை முடிக்க முடியும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

தொப்பிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபெடோரா தொப்பியின் விளிம்பு நெற்றிக்கு முன்னால் சுமார் 6 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். கண் விளிம்புக்குக் கீழே 5 செ.மீ. அளவில் இருக்கும். கீ லைட் 40 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் இரண்டு கண்களும் விளிம்பின் நிழலுக்குள் போய்விடும். மர்மம் வேண்டும் என்று விளக்கை 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் படம் முழுக்கக் கண்ணில்லாத கதாநாயகனைக் காட்டுகிறார்கள். பழைய படங்களில் முக்கியமான வசனம் வரும் நேரத்தில் கண் தெரியும். விளக்கைத் தாழ்த்தியிருப்பார்கள், அல்லது விளிம்பின் முன்பக்கத்தை ஒரு பக்கமாக மடித்திருப்பார்கள், அல்லது கேமராவை ஒட்டி ஒரு சிறு கண்விளக்கு வைத்திருப்பார்கள். 1944-இல் 'தி லாட்ஜர்' படத்தில் மெர்ல் ஓபரானின் முகத்தழும்புகள் தெரியாமலிருக்க லூசியன் பல்லார்ட் லென்ஸையொட்டி ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். நடிகையின் பெயராலேயே 'ஓபி லைட்' என்று அது இன்றும் புழங்குகிறது. நிழல் படங்களின் காலத்தில் முகம் தெரியவேண்டும் என்பதற்கு எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

நனைந்த தெருவுக்கும் இதேபோல் ஒரு காரணம் உண்டு. உலர்ந்த தார்ச்சாலை இரவில் வெளிச்சத்தை விழுங்கும். ஃபிரேமின் கீழ்ப்பாதி முழுக்க வெறும் கறுப்பாகிவிடும். தண்ணீர் அடித்தால் சாலை கண்ணாடியாகி, எதிரே உள்ள விளக்கைத் திருப்பிக் காட்டும். 1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் ராபர்ட் கிராஸ்கர் வியன்னாவின் கல்பாவிய தெருக்களை நனைத்து எடுத்த இரவுகளைப் பார்த்தால் இது புரியும். விளக்கு தெருவின் மறுகோடியில், கேமராவைப் பார்த்தபடி, உயரத்தில் இருக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் நனைந்த சாலை உலர்ந்ததைவிடக் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் ஒளி முன்னோக்கியே வழுக்கிப் போய்விடும். இதை அறியாமல் டேங்கர் டேங்கராகத் தண்ணீரைக் கொட்டியும் ஒன்றும் தெரியவில்லை என்று தவிக்கும் யூனிட்கள் உண்டு. காற்றடித்தால் சில நிமிடங்களில் திட்டுத்திட்டாக உலரத் தொடங்கும். ஒரு ஷாட்டில் பளபளக்கும் இடம் அடுத்த ஷாட்டில் மங்கியிருந்தால் எடிட்டிங்கில் உறுத்தும், ஆகவே இரண்டு மூன்று டேக்குக்கு ஒருமுறை மறுபடி நனைக்க வேண்டும். கேபிள் இணைப்புகளைத் தரையிலிருந்து தூக்கி வைக்காமல் இதைச் செய்யவே கூடாது.

புகையும் அப்படியே. எதிரொளியிலோ பக்க ஒளியிலோ, கறுப்புப் பின்னணிக்கு முன்னால்தான் புகை தெரியும். முன்னாலிருந்து விளக்கடித்தால் காணாமல் போகும். 1955-இல் வந்த 'தி பிக் காம்போ'வின் கடைசிக் காட்சியில் ஜான் ஆல்டன் செய்தது இதுதான்: மூடுபனி, அதற்குப் பின்னால் வெளிச்சம், முன்னால் இரண்டு நிழலுருவங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. இதே ஆல்டன் 1949-இலேயே 'பெயிண்டிங் வித் லைட்' என்று ஒளியமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று ஒவ்வொரு காட்சிக்கும் புகை இயந்திரத்தை ஓடவிடுவதால் என்ன ஆகிறது? அறை முழுக்கப் பரவிய புகை தானே ஒரு வெளிச்ச மூட்டமாகி, கறுப்பை எல்லாம் பால் கலந்ததுபோல் ஆக்கிவிடுகிறது. புகை வேண்டும், கறுப்பும் வேண்டும் என்றால், விளக்கின் கற்றை போகும் பாதையில் மட்டும் புகை இருக்கும்படி அறையை அடைத்து, அடங்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். நுவாரின் பயமே பின்னணியில் இருந்தது. முன்னால் ஒருவன் பேசிக்கொண்டிருக்க, பின்னால் வாசற்கதவு லேசாகத் திறப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து நான்கு மீட்டரில் போகஸ் செய்தால், இரண்டு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை கூர்மை கிடைக்கும். வேகம் 800 உள்ள கேமராவில் இதற்கு 100 ஃபுட்கேண்டில் போதும். அன்றைய ஆட்களுக்கு இதே எஃப் 8-க்கு எண்ணூறு வேண்டியிருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டவர்கள் ஆழத்தைக் காட்டினார்கள். சுலபமாகக் காட்ட முடிந்தவர்கள் அதைத் தொலைத்துவிட்டார்கள். முழு ஃபிரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-க்குத் திறந்து, இரண்டு மீட்டரில் நிற்கும் முகத்தை எடுத்தால் மொத்தக் கூர்மை ஆழம் 13 செ.மீ. தான். கண் கூர்மையாக இருந்தால் காது கரைந்துவிடும். அந்த வாசற்கதவு திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? திரையில் அது வெளிச்சக் குமிழிகளாகத்தான் இருக்கும். அழகாக இருக்கும். பயம் இருக்காது.

இனி கறுப்பு வெள்ளை. தங்கள் கட்டுரையில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. கோயன் சகோதரர்களின் 'தி மேன் ஹூ வாஸ்ன்ட் தேர்' (2001) கறுப்பு வெள்ளை நெகட்டிவில் எடுக்கப்பட்டது என்று இருந்தது. ரோஜர் டீக்கின்ஸ் அதை வண்ண நெகட்டிவில் எடுத்து, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டார். ஆனால் முதல் நாளிலிருந்து கறுப்பு வெள்ளையாகவே நினைத்து விளக்கு வைத்தார், அதனால் தப்பவில்லை. ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 'தி குட் ஜெர்மன்' (2006) படமும் வண்ண நெகட்டிவில் எடுத்து நிறத்தை நீக்கியதுதான். ஜூம் லென்ஸ் கிடையாது, அந்தக் காலத்து இழை விளக்குகள், நடிகர் சட்டையில் மைக் கிடையாது, தலைக்கு மேல் பூம் மைக் மட்டும் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு 1945-இன் முறையில் எடுத்தார். தொழில்நுட்பத்தில் அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். படம் ஏன் ஒட்டவில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

வண்ணத்தில் எடுத்துப் பிறகு நிறத்தை உறிஞ்சினால் என்ன கெடும்? வழக்கமான மாற்றுக் கணக்கில் சிவப்புக்கு 21, பச்சைக்கு 72, நீலத்துக்கு 7 சதவீதம் எடை. அழுத்தமான சிவப்பு உடையில் ஒருவர், மங்கிய பச்சைச் சுவருக்கு முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையின் ஒளி முழு அளவில் முப்பது சதவீதமாக இருந்தால், அதன் சாம்பல் மதிப்பும் 21-ஐ ஒட்டியே வரும். வண்ணத்தில் தனித்து நின்ற ஆள் சாம்பலில் சுவரோடு சுவராகிவிடுவார். சரி, சிவப்பின் எடையைக் கூட்டினால்? உதடு வெளுத்துத் தோலோடு கலந்துவிடும், முகத்தின் புள்ளிகள் மறைந்து மெழுகுபோல் ஆகும். நீலத்தைக் கூட்டினால் தோல் கறுத்துத் திட்டுத்திட்டாகும். எடுத்து முடித்தபின் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒன்று கெடும். கலை இயக்குநரும் உடை வடிவமைப்பாளரும் துணியையும் சுவர்ப் பூச்சையும் கறுப்பு வெள்ளை மானிட்டரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் இது தீரும்.

இதனால்தான் கியெர்மோ டெல் டோரோவின் 'நைட்மேர் ஆலி' (2021) வண்ணத்தில் வெளிவந்து, 2022 ஜனவரியில் கறுப்பு வெள்ளையாகவும் திரைக்கு வந்தபோது, எனக்கு வண்ணப் பதிப்பே முழுமையாகப் பட்டது. டான் லாஸ்ட்சனின் விளக்குகள் கறுப்பு வெள்ளைக்கும் தாங்குகின்றன. ஆனால் அந்தப் படத்தின் பொன்னும் பச்சையும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. டேவிட் ஃபின்ச்சரின் 'மாங்க்' (2020) நுவார் கதை இல்லையென்றாலும் பாடம் அதில் இருக்கிறது. வண்ண வடிகட்டியே இல்லாத கறுப்பு வெள்ளை சென்சாரில் எரிக் மெஸ்ஸர்ஷ்மிட் எடுத்தார். அப்படிப்பட்ட சென்சாரில் லென்ஸ் முன்னால் சிவப்பு 25 வடிகட்டியைப் போட்டால் வானம் கறுக்கும், மூன்று ஸ்டாப் போகும், மற்றபடி கூர்மை குறையாது. வண்ண சென்சாரில் அதே சிவப்பைப் போட்டால் நான்கில் ஒரு புள்ளிக்குத்தான் ஒளி சேரும், படம் கரகரக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவே வேண்டும் என்றால் கோடாக்கின் டபுள்-எக்ஸ் இன்னும் இருக்கிறது. 1959-இல் வந்தது, பகல் வெளிச்சத்துக்கு 250, இழை விளக்குக்கு 200 வேகம். 2019-இல் 'தி லைட்ஹவுஸ்' அதில்தான் எடுக்கப்பட்டது.

வண்ணத்தில் எடுத்தும் நுவாராக நின்றவற்றைக் கட்டுரை விட்டுவிட்டதுதான் எனக்குப் பெரிய குறை. 1974-இல் போலன்ஸ்கியின் 'சைனாடவுன்' வெயிலில் நடக்கிறது. ஜான் அலோன்சோ ஒளிப்பதிவு. வறண்ட ஆற்றுப் படுகையும் ஆரஞ்சுத் தோப்பும் பளிச்சென்று தெரியும். ஆனாலும் துப்பறிபவர் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நமக்கு எதுவுமே தெரிவதில்லை. அவர் இல்லாத காட்சி கிடையாது. ஒவ்வொரு முறையும் அவர் தப்பாகப் புரிந்துகொள்ளும்போது நாமும் கூடவே தப்பாகப் புரிந்துகொள்கிறோம். நிழல் செய்ய வேண்டிய வேலையை அங்கே திரைக்கதை செய்கிறது. 1997-இன் 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' 1950-களில் நடக்கும் கதை. டான்டே ஸ்பினோட்டி அதில் ஜன்னல் பட்டை ஜாலம் எதையும் பெரிதாகக் காட்டவில்லை. ரியான் ஜான்சனின் 'பிரிக்' (2005) பள்ளிப் பிள்ளைகளை வைத்து, பட்டப்பகலில், பழைய துப்பறியும் கதைகளின் பேச்சு நடையை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றது.

'தி குட் ஜெர்மன்' ஒட்டாததற்கு இப்போது வருகிறேன். விளக்கும் மைக்கும் 1945-உடையவை. வசைச் சொல்லும் உடலுறவும் வன்முறையும் இன்றையவை. 1934 முதல் கறாராக அமலாகி 1968 வரை இருந்த ஹாலிவுட் தணிக்கை விதித்தொகுப்பு, குற்றவாளி தப்பிக்கக் கூடாது, படுக்கையறைக் காட்சிகளில் வரம்பு மீறக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கட்டுதான் எழுத்தாளர்களை ஓரப்பேச்சுக்குத் தள்ளியது. 'டபுள் இண்டெம்னிட்டி'யில் காப்பீட்டு முகவரும் அவருடைய வாடிக்கையாளரின் மனைவியும் முதல் சந்திப்பில் வேக வரம்பு, போக்குவரத்துக் காவலர், அபராதச் சீட்டு என்று பேசிக்கொள்வார்கள். பேச்சில் சாலையைத் தவிர வேறொன்றும் இல்லை, நமக்கோ எல்லாம் விளங்கிவிடும். எல்லாவற்றையும் நேரடியாகச் சொல்லலாம் என்றான பிறகு, மறைத்துப் பேசும் அந்த நடிப்பு முறையும் நிழல் முறையும் எதை மறைக்க நிற்கின்றன?

பின்னணிக் குரலும் இதே கதைதான். 'டபுள் இண்டெம்னிட்டி'யில் குண்டடிபட்ட நாயகன், டிக்டாஃபோன் என்ற அலுவலகக் குரல்பதிவுக் கருவியில், தன் அலுவலக நண்பருக்கு ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறான். யார் பேசுகிறார், யாரிடம், எப்போது, எதற்காக என்ற நான்குக்கும் விடை இருக்கிறது. ரத்தம் கசியக் கசிய நேரம் குறைகிறது என்பதால் குரலுக்கே ஒரு கெடு இருக்கிறது. 1945-இன் 'டிட்டூர்' படத்தில் பேசுபவன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவே பேசுகிறான், அவனை எவ்வளவு நம்புவது என்ற சந்தேகம் கடைசிவரை நம்மை விடாது. இன்றைய நகல்களில் குரல், நாம் பார்த்துக்கொண்டிருப்பதையே திருப்பிச் சொல்கிறது. எழுதுபவர்கள் அந்த நான்கு கேள்விகளையும் குரலின் முதல் வரிக்கு முன்னால் தாளில் எழுதிப் பார்க்கட்டும். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் குரலை எடுத்துவிடலாம். 'சைனாடவுன்' குரலே இல்லாமல்தான் நடக்கிறது.

நீளத்தையும் சொல்லியாக வேண்டும். 'டிட்டூர்' எழுபது நிமிடத்துக்கும் குறைவு. 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' 97 நிமிடம். 1947-இன் பழைய 'நைட்மேர் ஆலி' சுமார் 110 நிமிடம், புதியது 150. ஒருவன் குழிக்குள் சறுக்கும் கதைக்கு வேகம் வேண்டும். சறுக்கலை நிறுத்தி நிறுத்தி அழகு காட்டினால் அது சறுக்கலாகவே இருக்காது. தனி சாக்ஸஃபோனைப் பற்றியும் ஒரு சொல்: 1940-களின் நுவார் படங்களில் பெரும்பாலும் ஒலித்தது மிக்லோஷ் ரோஷா போன்றவர்களின் முழு ஆர்கெஸ்ட்ரா. 'சைனாடவுன்' படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் பத்து நாளில் அமைத்த இசையில் ஊவான் ரேசியின் டிரம்பெட், 1976-இன் 'டாக்ஸி டிரைவர்' படத்தில் பெர்னார்ட் ஹெர்மனின் சாக்ஸஃபோன், இப்படிப் பிற்காலத்தில் வந்தவைதான் நம் காதில் நுவார் என்று பதிந்திருக்கின்றன. அந்த நகலைத்தான் இன்றைய படங்கள் மறுபடி நகலெடுக்கின்றன.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும், வீட்டுத் திரைக்கு வரும்போது ஒரு கண்டம் இருக்கிறது. எட்டு பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 16 முதல் 235 வரை 220 படிகள்தான். இருண்ட சுவர் ஒன்று 20-ஆம் படியிலிருந்து 35-ஆம் படிவரை மெல்ல வெளுக்கிறது என்றால், 1920 புள்ளி அகலத்துக்குப் பதினைந்தே படிகள். ஒவ்வொன்றும் 128 புள்ளி அகலப் பட்டையாகச் சுவரில் வரிவரியாகத் தெரியும். பத்து பிட்டில் அனுப்பினால் பட்டை 32 புள்ளியாகச் சுருங்கும், அதன் மேல் மெல்லிய கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் மணித்துகள்) இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பலரும் கிரெய்னைப் படம் முழுக்க ஒரே அளவில் கொசுவலை விரித்ததுபோல் போர்த்திவிடுகிறார்கள். உண்மையான பிரிண்டில் அது நடுச்சாம்பலில்தான் அதிகம் தெரியும், ஆழ்ந்த கறுப்பில் அடங்கியிருக்கும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். 'தி மேன் ஹூ வாஸ்ன்ட் தேர்' பற்றிய தகவலைத் திருத்தி வெளியிடுங்கள். இனி எந்தப் படத்தையாவது நுவார் சாயல் என்று எழுத நேர்ந்தால், ஒளிப்பதிவாளர் பெயரையும் கலை இயக்குநர் பெயரையும், எதில் எடுத்தார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். வாசகர் அந்த வரியை வைத்துக்கொண்டு படத்தில் ஜன்னல் பட்டையின் ஓரத்தைத் தாமே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒளிப்பதிவுத் துறை வாசகர் ஒருவர்